ஆறரைன்னா ஆறரை

ஜூன் 18, புதன்

ஹாஸ்டல் திறந்து மூன்று நாள். நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஆறு பேர் இன்னும் வரவில்லை. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் டைபாய்டாம். இரண்டாம் மாடிக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் "நாளைக்கு வாரேன் மேடம்" என்று திங்கட்கிழமையிலிருந்து சொல்கிறான்.

மத்தியானம் சாம்பார் எப்படி இருக்கிறது என்று பார்க்க மெஸ்ஸுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் ஒரு போனைத் தண்ணீர் ஜக்கில் சாத்தி வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. டும் டும் டும் என்று மாவு மில் ஓடுகிற சத்தம், நடுவில் கீச்சுக் கீச்சென்று கம்ப்யூட்டர் சத்தம். ஒரு நிமிடம் இப்படி ஓடிவிட்டு எல்லாம் சட்டென்று நின்றது. ஒரு பொம்பிளை கத்துகிறாள்:

"ஆறரைன்னா ஆறரை. ஆறரைன்னா ஆறரை. யாரா இருந்தாலும் கேட்டத் தெறக்க மாட்டேன்."

சங்கிலிச் சத்தம், பூட்டு விழுகிற சத்தம். உடனே மறுபடியும் இடி. பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

அந்தப் பொம்பிளை நான்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த ஹாஸ்டலில் வார்டனாக இருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன், என் குரல் எனக்குத் தெரியாதா.

என்னைப் பார்த்ததும் போனை அணைத்தார்கள். மெஸ் செக்ரட்டரி பேச்சியம்மாள், விலங்கியல் மூன்றாம் வருடம், தைரியமாக முன்னால் வந்தாள். "மேடம், நம்ம ஹெப்சிபா அக்கா பாட்டு. மூணு வாரமா எங்க பாத்தாலும் இதுதான் ஓடுது. ஆடாத ஆளு கெடையாது." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளாம்.

போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சாம்பாரில் உப்பு கூட.

ஹெப்சிபா என் மகள். இப்போது பெயர் ஹெப்ஸாம். பெற்றவர்கள் வைத்த பெயரில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

ஆட்டோவில் இதே பாட்டு. ஜூஸ் கடையில் இதே பாட்டு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள்கூட இதையே முணுமுணுக்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சலோமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எமிலி, எங்க பேரன் நீ திட்டுனாத்தான் சோறு திங்கான். போன்ல ஒன் சத்தத்த வச்சாத்தான் வாயத் தெறக்கான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. எரிகிறது எனக்கு.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போய்விட்டது. தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஒருவரை ஒரு சொல் சொன்னது கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "பெத்த தாய ஊரு சிரிக்க வச்சிட்டாளே" என்றார்.

ஹெப்சிபா வீட்டை விட்டுப் போனது போன வருடத்துக்கு முந்தின நவம்பரில். அன்று இவர் தூத்துக்குடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். அவள் ஏதோ மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி என்று போனவள், ஆறு ஐம்பதுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். எங்கள் குவார்ட்டர்ஸும் ஹாஸ்டல் காம்பவுண்டுக்குள்தான், எங்களுக்கும் அதே கேட்டுதான். ஆறரைக்குப் பூட்டுவது ஊருக்கே தெரியும். கொட்டுகிற மழை, முழுசும் தகரம் அடித்த கேட்டு. வெளியே நின்று தட்டுவது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். அவள் அப்படியே பஸ் ஏறி மெட்ராஸுக்குப் போய்விட்டாள். ரயில் சத்தம், கிரைண்டர் சத்தம், மழைச் சத்தம் என்று எதையாவது போனில் பிடித்துக்கொண்டே திரிகிறவள். அன்று என்னையும் பிடித்திருக்கிறாள்.

இவர் அப்போதே போன் போட்டு, "அம்மாவுக்கு நீன்னு தெரியாதுட்டி. சத்தியம் பண்ணிச் சொல்லுதா. வந்து மன்னிப்புக் கேளு" என்றார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இவரும் பேசுவதில்லை. தெரியாமல் நடந்ததற்கு இவ்வளவு ஆங்காரமா என்று கேட்பார். நியாயமான கேள்விதானே.

ஜூன் 30, திங்கள்

இவர் வக்கீல் தேவசகாயத்தை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அனுமதி இல்லாமல் ஒருவர் குரலை எடுத்துப் பாட்டில் போடுவது தப்பாம். கம்பெனிக்கும் அவளுக்கும் நோட்டீஸ் அனுப்பலாமாம். நான் வேண்டாம் என்றேன். "நம்ம பிள்ளதானங்க" என்றேன்.

"நம்ம பிள்ளையா? ஒன்ன நாடு பூரா ராட்சசி ஆக்கிட்டா, இன்னும் நம்ம பிள்ளைங்கிற" என்றார் இவர். முப்பது வருடத்தில் எனக்காக இவர் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டேன்.

காபிக்குச் சர்க்கரை இல்லை. வெல்லம் போட்டுக் கொடுத்தேன். வக்கீல் குடிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

நோட்டீஸுக்குத் தேவைப்படும் என்பதற்காகப் பாட்டை முழுசாகக் கேட்டேன். பேச்சியம்மாளிடமிருந்து வாங்கி வைத்த போன் மேஜையில்தான் இருக்கிறது. பூட்டு எண் போடவேண்டிய தேவையே இல்லாத போன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் கவனம் கிடையாது.

அவளும் பாடுகிறாள். நடுநடுவே நாலு வரிதான். குரல் மெலிந்துவிட்டது. ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே. இதற்கா பத்து வருடம் பாட்டு கிளாசுக்கும் பியானோவுக்கும் அனுப்பினேன்.

பின்னால் மழைச் சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் அதைக் கம்ப்யூட்டர் சத்தம் என்று நினைத்திருப்பார்கள். அது எங்கள் கேட்டுத் தகரத்தில் விழுகிற மழை.

"யாரா இருந்தாலும்" என்பதற்கும் "கேட்டத் தெறக்க மாட்டேன்" என்பதற்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கிறது. கவனித்துக் கேட்டால்தான் தெரியும். மழைச் சத்தம் அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளுகிறது. ஒன்பது தடவை கேட்டேன். வெட்டுதான்.

ஜூலை 8, செவ்வாய்

வக்கீல் மறுபடியும் வந்தார். பெரிய யோசனையோடு வந்திருக்கிறார். பாட்டில் இருப்பது துண்டுதானே, அன்றைக்குப் பிடித்த முழு ரெக்கார்டையும் கோர்ட்டில் கொடுக்கச் சொல்லிக் கேட்போம் என்கிறார்.

இவருக்கு ஒரே சந்தோஷம். "கேக்கணும் தேவசகாயம். முழுசையும் போடட்டும். எமிலிக்கு யாருன்னு தெரியலங்கறது ஊருக்கே வெளங்கிரும்லா. அந்தக் கழுத பொய்க் கோவத்துல வீட்ட விட்டுப் போனதும் வெளங்கும்."

"கேஸ்லாம் எதுக்கு? மேனேஜ்மென்டுக்குத் தெரிஞ்சா என் வேலைக்குத்தான் கேடு" என்றேன்.

"மடியில கனமில்ல, ஒனக்கு என்ன பயம்?" என்று சிரித்தார்.

முருங்கைக்காய் வாங்கி வந்திருந்தார். ஒன்றுகூட முற்றாமல் பார்த்து வாங்கியிருக்கிறார். வயிறு சரியில்லை என்று நான் சாப்பிடவில்லை.

ஜூலை 9, புதன்

இன்றும் வயிறு சரியில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் கேட்டைப் பூட்டும்போது மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி "ஆறரைன்னா ஆறரை" என்று இழுத்தாள். உடனே நாலைந்து ஜன்னலிலிருந்து "டும் டும் டும்." யார் என்று கேட்டால் அத்தனை பேரும் ஊமை. எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி ரோல்கால் இரண்டு தடவை எடுத்தேன். இருபத்திரண்டு வருடம் நான் நடந்து வருகிற செருப்புச் சத்தத்துக்கே அடங்கிய கட்டிடம் இது. இன்று என் குரலுக்கு ஆடுகிறார்கள். அவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ரோல்கால் நடுவில் பேச்சியம்மாள் வந்தாள். மணி ஆறு ஐம்பத்தைந்து. கேட்டைத் தட்டி முடிப்பதற்குள் வாட்ச்மேன் இசக்கி திறந்துவிட்டான். அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கண்டித்தேன்.

"நீங்கதான மேடம் சொல்லியிருக்கீங்க" என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு. "ரெண்டு வருசமா அதான நடக்கு. யார் தட்டுனாலும் ஒடனே தெறந்துரு, திட்டுறத நான் உள்ள வச்சித் திட்டிக்கிடுதேன்னு."

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். இசக்கிக்கு வரவர வாய் நீளம்.

ஜூலை 21, திங்கள்

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. வழக்கு வம்பு வேண்டாமாம், என் குரலை எடுத்துவிட்டார்களாம். பழைய பாட்டு எங்கும் கிடைக்காது, புதிதாக வேறு குரல் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். வக்கீல் வேலை முடிந்தது என்று இவரிடம் கைகொடுத்தார். முழு ரெக்கார்டை இனி யாரும் கேட்கப்போவதில்லை. நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிறகு புதுப் பாட்டைக் கேட்டேன்.

யாரோ டப்பிங் பேசுகிறவளைக் கூட்டிவந்து கத்தச் சொல்லியிருக்கிறார்கள். "ஆறரைன்னா ஆறரை" என்கிறாள், நெய்யில் பொரித்து எடுத்த மாதிரி. கோபமே இல்லை. கோபமாக இருப்பது மாதிரி நடிக்கிறாள். கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளை இவளுக்கு யார்? பெற்றாளா, வளர்த்தாளா, மஞ்சள் காமாலையில் இருபது நாள் மடியில் போட்டு வைத்திருந்தாளா? என் பிள்ளையைத் திட்ட இவள் யார்? திட்டுவதென்றால் நான் திட்டுவேன்.

மழைச் சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். பழைய பாட்டு பேச்சியம்மாள் போனில் மட்டும் இருக்கிறது. அவளிடம் இன்னும் ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

குரலை எடுத்ததோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இவர் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கு இ-சேவைக்குப் போயி ரேஷன் கார்டுலேருந்து அவ பேர எடுக்கப் போறேன்" என்றார். "நாம ரெண்டு பேர்தான். அப்படி ஒரு பிள்ள நமக்கு இல்ல. நான் செத்தாக்கூடச் சொல்லி அனுப்பாத."

"பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. ஒங்கள என்ன செய்யுது?" என்றேன்.

"நீ தெரியாமச் செஞ்சதுக்கு ஒன்ன ஊரு முன்னால நிறுத்தினவ. ஒனக்காகத்தான் செய்யுதேன்." என் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தார்.

எனக்காகவாம்.

இந்த டைரியை இவர் படிப்பதில்லை. அப்படியும் நான் இதில்கூடப் பொய்தான் எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், "யார் என்று எனக்கு எப்படித் தெரியும்" என்று என் கையெழுத்தில் அழகாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அவள் வீட்டை விட்டுப் போன அந்த வாரம் கல்லூரிச் செயலருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருந்தது. வார்டன் மகளுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாதா என்று. செயலர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார், உட்காரச் சொல்லவில்லை. அந்த எரிச்சலில் இருந்தேன். அதோடு இவள் பாட்டு, பாட்டு என்று பி.எட். சேரமாட்டேன் என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. இசக்கி அன்றைக்கு லீவு. குடையோடு நானே பூட்டப் போனேன். பூட்டி இருபது நிமிடம் கழித்துத் தட்டுகிற சத்தம்.

"அம்மா, நாந்தான்."

கேட்டது. மழையிலும் நன்றாகக் கேட்டது. பெற்ற பிள்ளையின் குரல் எந்த மழையில் கேட்காமல் போகும்?

"ஆறரைன்னா ஆறரை. யாரா இருந்தாலும், ஹெப்சிபாவா இருந்தாலும், கேட்டத் தெறக்க மாட்டேன்" என்றேன். அவள் பெயரைச் சொன்னேன். சங்கிலியை இன்னொரு சுற்று வேண்டுமென்றே சத்தமாகச் சுற்றினேன்.

பத்து நிமிடம் நனையட்டும், புத்தி வரும் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தாவது நிமிடம் துண்டு எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். யாரும் இல்லை. ரோட்டு முனைவரை நடந்து போய்ப் பார்த்தேன்.

அவள் வெட்டி எடுத்தது அந்தப் பெயரைத்தான். போனில் இவர் "அம்மாவுக்கு நீன்னு தெரியாதுட்டி" என்றபோது, கையில் அந்த ரெக்கார்டை வைத்துக்கொண்டு பேசாமல் போனை வைத்திருக்கிறாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் ஆதார் நகல், ரேஷன் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தலை சீவிக்கொண்டு போனார். ஏதோ பென்ஷன் வாங்கப் போகிற மாதிரி.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. கார்டில் குடும்பத் தலைவி என்று இருப்பது நான். ரகசிய எண் என் போனுக்குத்தான் வரும்.

"எமிலி, ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

வந்திருந்தது. ஆறு எண்கள்.

"வந்திருக்கு" என்றேன்.

"சொல்லு. இங்க பிள்ள டைப் அடிக்கக் காத்துக்கிட்டு இருக்கு."

முதல் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

"ஏங்க" என்றேன். "அன்னைக்கு மழையில தட்டுனது அவதான்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

"'அம்மா, நாந்தான்'ன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சி. ஹெப்சிபாவா இருந்தாலும் தெறக்க மாட்டேன்னு சொன்னேன். ஒங்ககிட்டப் பொய்ச் சத்தியம் பண்ணினேன். அவ பேர எடுக்காதீங்க."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டைப் அடிக்கிற பெண், "சார், டைம் முடிஞ்சிருச்சி. நம்பர் திரும்ப அனுப்பவா?" என்று கேட்டாள். போன் கட்டாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட வரவில்லை. நாலு மணிக்கு இசக்கியை அனுப்பினேன். இ-சேவையில் இல்லை, டீக்கடையில் இல்லை, போஸ்ட் ஆபீசில் பழைய ஆட்களோடும் இல்லை. போனை எடுக்கவில்லை. பிரஷர் மாத்திரைகூடக் கையில் இல்லை. அறுபத்து மூன்று வயது மனிதனுக்கு அறிவு வேண்டாமா?

பயமாக இருக்கிறது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 26, சனி

காலை எட்டரைக்கு ஒரு புது நம்பர்.

"அம்மா" என்றாள்.

ஒன்று முக்கால் வருடம் ஆகிறது. என்ன சொல்வதென்று தெரியாமல், "யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நாந்தான். அப்பா இங்க வந்திருக்காங்க. யார்ட்டயோ விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சு, ஏழு மணிக்கு வந்து நிக்காங்க. வந்ததுலேருந்து அழுதுக்கிட்டே இருக்காங்க. எங்கிட்ட மன்னிப்புக் கேக்காங்க. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"உள்ளதச் சொன்னேன்."

அவள் குரல் மாறிவிட்டது. கோபம்தான். எனக்குத் தெரியாதா அந்தக் கோபம், என்னிடமிருந்து போனதுதானே.

"ஏம்மா சொன்னீங்க? நாந்தான் அத வெட்டி எடுத்துட்டேம்லா."

"நீ ஏன் வெட்டுன?"

"அப்பாவுக்குக் கேட்டுறக் கூடாதுன்னுதான். நீங்க பொய்ச் சத்தியம் பண்ணினது தெரிஞ்சா, அப்பா ஒங்கள விட்டுட்டு வந்துருவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒங்க சத்தத்த மட்டும் வச்சிக்கிட்டேன். எனக்கு இங்க அது வேண்டியிருந்தது. அவ்ளோதான்."



"அப்பாட்டப் போனக் குடு" என்றேன்.

உள்ளே போய்க் கேட்டாள். அவள் கேட்பது கேட்டது, அவர் சொன்னது கேட்கவில்லை. திரும்பி வந்து, "இப்ப வேண்டாமாம்மா" என்றாள்.

பிரஷர் மாத்திரை பெயரைச் சொன்னேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, வெறும் வயிற்றில் கொடுத்துவிடாதே என்றேன். உப்பைக் குறைத்துப் போடு என்றேன். சரி சரி என்றாள். எப்போது வருவார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

இவருக்கு நாலு வேட்டி, சட்டை, கண்ணாடி, மாத்திரை அட்டை எல்லாம் பையில் வைத்துவிட்டேன். பார்சல் அனுப்ப வேண்டும். அட்ரஸ் கேட்டேன். கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை நிதானமாகச் சொன்னாள், நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.